அங்கோலாவும் போர்ச்சுகலும்: யாருக்கும் யாருக்குமான உறவு?

2011 நவம்பரில் போர்ச்சுகல் பிரதமர் பெத்ரோ பாசோஸ் கொய்லோ அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவுக்குப் போனபோது அவருடைய நாட்டுக் கஜானா காலி. ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் 7,800 கோடி யூரோ கடனுக்கு ஒப்புக்கொண்டு, சம்பளத்தை வெட்டு, ஓய்வூதியத்தைக் குறை, அரசுச் சொத்தை விற்று வழி பார் என்று சொல்லியிருந்த நேரம். அங்கோலாப் பணம் வந்தால் வரவேற்போம் என்று கொய்லோ அங்கே சொன்னார். அடுத்த சில மாதங்களில் பிபிஎன் என்ற வங்கி கைமாறியது. நொடித்துப்போய், அரசுடைமையாகி, மக்கள் வரிப்பணத்தில் பல நூறு கோடி யூரோவை விழுங்கிய வங்கி அது. விற்ற விலை 4 கோடி யூரோ. வாங்கிய பாங்கோ பிக்கின் பெரும் பங்குதாரர்களில் ஒருவர் அங்கோலா அதிபர் ஜோசே எடுவார்டோ டாஸ் சாண்டோஸின் மகள் இசபெல். இன்னொருவர் போர்ச்சுகலின் பெரும் பணக்காரர் அமெரிகோ அமோரிம்.

முன்னாள் காலனி முன்னாள் எஜமானனை விலைக்கு வாங்குகிறது என்ற தொனியில் ஐரோப்பியப் பத்திரிகைகள் அப்போது எழுதித் தள்ளின. படிக்கச் சுவையான செய்திதான். ஆனால் பங்குதாரர் பட்டியலைப் பார்த்த பிறகு அதை அப்படியே ஏற்க முடியவில்லை. அங்கோலா என்ற நாடு அந்த வங்கியை வாங்கவில்லை. இரு நாடுகளின் உச்சியில் இருந்த சிலர் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். அடிமட்டத்தில் இருந்தவர்கள், லிஸ்பனில் வரியாகவும் லுவாண்டாவில் வந்து சேராத எண்ணெய்ப் பணமாகவும், அதற்கு ஈடு கட்டினார்கள்.

இந்த இரு நாட்டு உறவைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. மொழியாலும் மதத்தாலும் ரத்தக் கலப்பாலும் பிணைந்த ஐந்நூறு ஆண்டுச் சகோதரத்துவம் என்பது ஒன்று. ஐந்நூறு ஆண்டுச் சூறையாடல் என்பது மற்றது. இரண்டாவதில் உண்மை பல மடங்கு அதிகம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. இரண்டுமே இரண்டு முழு மக்களினங்களுக்கு இடையே நடந்த விஷயமாக இதைச் சொல்கின்றன. ஆவணங்களைப் புரட்டினால் தெரிவது வேறு. இது பெரும்பாலும் இரண்டு துறைமுகத் தலைநகரங்களுக்கு இடையிலான உறவு. உள்நாட்டில் இருந்தவர்கள் அந்த உறவுக்கு விலை கொடுத்தார்களே தவிர, அதில் பங்காளிகளாக இருந்ததில்லை.

காங்கோ மன்னரின் கடிதங்கள்

1480-களின் தொடக்கத்தில் டியோகோ காவ் என்ற மாலுமி காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். அங்கே அவர் கண்டது தலைநகரமும் மாகாண ஆளுநர்களும் வரிமுறையும் கொண்ட ஒரு முடியரசு. 1491இல் அதன் மன்னர் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மகன் முதலாம் அஃபோன்சோ போர்த்துகீசிய மொழியைக் கற்று, லிஸ்பன் அரசருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். இரு மன்னர்களும் ஒருவரையொருவர் சகோதரர் என்றே விளித்துக்கொண்டார்கள். அஃபோன்சோவின் மகன் ஹென்றிக் 1518இல் ஆயராக நியமிக்கப்பட்டார். ஆப்பிரிக்கச் சிறுவர்கள் லிஸ்பனில் கல்வி கற்கப் போனதும் அப்போதே.

1526இல் அஃபோன்சோ எழுதிய கடிதங்களில் தொனி மாறுகிறது. வணிகர்கள் பிரபுக்களின் பிள்ளைகளையும் அரச குடும்பத்து உறவினர்களையும்கூடப் பிடித்து விற்கிறார்கள், நாடு வெறுமையாகிறது என்று முறையிட்டார். இந்தக் கடிதங்களை அடிமை வணிகத்துக்கு எதிரான ஆப்பிரிக்காவின் முதல் குரலாகக் காட்டுவது வழக்கம். முழு உண்மை கொஞ்சம் கசப்பானது. அஃபோன்சோவும் போர்க்கைதிகளை விற்றவர்தான். சுதந்திரமாகப் பிறந்த தன் குடிமக்கள் பிடிபடுவதும், வணிகம் அரண்மனையின் கையை மீறிப் போவதுமே அவருடைய புகார். அந்தப் புகாருக்கும் பலன் இல்லை. சாவோ தோமே தீவில் கடை விரித்திருந்த வணிகர்கள் லிஸ்பன் அரசரையே மதிக்கவில்லை. காங்கோ அரசரை எங்கே மதிப்பார்கள்?

இங்கே ஒரு கிளைச் செய்தி. தமிழ் மொழியைத் தாங்கி முதலில் அச்சேறிய நூல் 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் வெளிவந்த ஒரு மறைக்கல்விச் சுவடி. காங்கோவின் கிகோங்கோ மொழியில் இன்று கையில் கிடைக்கும் மிகப் பழைய அச்சு நூலும் லிஸ்பனில் வந்த மறைக்கல்வி நூலே, ஆண்டு 1624. முத்துக்குளித்துறைக்கும் காங்கோவுக்கும் கப்பல் அனுப்பிய அதே ஊர், அதே வகை நூல். அடுத்து நடந்தவை வேறு வேறு.

காங்கோவோடு இருந்த சமதை 1665இல் அம்பூயிலா போரில் முடிந்தது. மன்னர் முதலாம் அந்தோனியோவின் தலை துண்டிக்கப்பட்டது. தெற்கே, 1570-களில் பாவ்லோ டியாஸ் தெ நொவாயிஸ் நிறுவிய லுவாண்டா அதற்குள் அடிமைத் துறைமுகமாக வளர்ந்திருந்தது. அதை எதிர்த்து நின்ற ந்தோங்கோ, மத்தாம்பா அரசி ந்சிங்காவின் வாழ்க்கையைப் பார்த்தால், காலனியர்–எதிர்ப்பாளர் என்ற நேர்கோடு எங்கே வளைகிறது என்பது தெரியும். 1622இல் தூதராக லுவாண்டா வந்தார், ஆனா தெ சூசா என்ற பெயரில் கிறிஸ்தவரானார், பிறகு போர் தொடுத்தார், 1640-களில் லுவாண்டாவைப் பிடித்திருந்த டச்சுக்காரர்களோடு சேர்ந்தார், 1656இல் போர்த்துகீசியரோடு உடன்படிக்கை செய்தார், 1663இல் இயற்கையாக இறந்தார். வரலாற்றாசிரியர் லிண்டா ஹேவுட் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரைப் புனிதராக்காமல், தன் நாட்டைக் காக்க அடிமை வணிகத்தையும் பயன்படுத்திக்கொண்ட அரசியல்வாதியாகக் காட்டுகிறது. சுதந்திர அங்கோலா அவரைச் சிலையாக்கியபோது இந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது. சிலைகள் அப்படித்தான்.

பிரேசிலின் பின்கட்டு

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏற்றப்பட்ட சுமார் 125 லட்சம் பேரில் ஏறக்குறைய 57 லட்சம் பேர் மத்திய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போனவர்கள். லுவாண்டா துறைமுகத்திலிருந்து மட்டும் சுமார் 28 லட்சம். உலகில் வேறெந்தத் துறைமுகத்துக்கும் இந்தக் கணக்கு இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் சேர்ந்த இடம் பிரேசில்.

அதனால்தான் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கோலாவை லிஸ்பனின் காலனி என்பதைவிட பிரேசிலின் காலனி என்பது பொருத்தம். 1648இல் டச்சுக்காரர்களிடமிருந்து லுவாண்டாவை மீட்ட கப்பற்படை ரியோ டி ஜெனீரோவிலிருந்து, அங்கத்திய ஆளுநர் சல்வடோர் கொரேயா தெ சாவின் தலைமையில், பெரும்பாலும் பிரேசில் காசில் கிளம்பியது. 1822இல் பிரேசில் பிரிந்தபோது பெங்குவேலா நகரத்தில் ஒரு கூட்டம் பிரேசிலோடு சேரவே விரும்பியது. லிஸ்பன் எவ்வளவு பயந்தது என்றால், 1825 உடன்படிக்கையில் போர்த்துகீசியக் காலனி எதையும் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பிரேசிலிடம் எழுதி வாங்கியது. ஜோசப் மில்லரின் ஆய்வு இந்த வணிகத்தின் கணக்கு வழக்கை விரிவாகக் காட்டுகிறது: உள்நாட்டுத் தரகர்கள், லுவாண்டாவின் கலப்பினக் குடும்பங்கள், பிரேசில் கப்பல்காரர்கள், லிஸ்பன் கடன்காரர்கள் என்று நட்டத்தை ஒருவர் அடுத்தவர் தலையில் தள்ளிவிடும் சங்கிலி. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவனுக்குத் தள்ளிவிட ஆளில்லை.

இங்கே அந்த 'ஐந்நூறு ஆண்டு' கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1880-கள் வரை போர்த்துகீசியர் கையில் இருந்தவை லுவாண்டா, பெங்குவேலா, க்வான்சா ஆற்றோரம் சில கோட்டைகள், சில உள்நாட்டுச் சந்தைகள். பெர்லின் மாநாடு, 1890இல் பிரிட்டன் விடுத்த இறுதி எச்சரிக்கை ஆகியவற்றுக்குப் பிறகுதான் உள்நாட்டைப் பிடிக்கும் வெறி வந்தது. முழு நிலப்பரப்பும் ராணுவத்தின் பிடிக்குள் வர 1910-களும் ஓடி, 1920-களும் ஆயின. அப்படியென்றால் பெரும்பாலான அங்கோலா மக்களுக்குப் போர்த்துகீசிய ஆட்சி என்பது இரண்டு தலைமுறை அனுபவம். ஐந்நூறு என்ற எண் போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் பள்ளிப் பாடநூலுக்குப் பெருமை தந்தது. விடுதலை மேடைகளுக்குச் சினம் தந்தது. இருவருக்கும் வசதியாக இருந்ததால் இருவரும் அதைத் திருத்தவில்லை.

இந்தக் கடலோரப் பழமையிலிருந்து முளைத்தவர்கள்தான் லுவாண்டாவின் கிரியோல் குடும்பங்கள். வான் டூனெம் போன்ற பெயர்கள் டச்சுக் காலத்தை நினைவூட்டும். 19ஆம் நூற்றாண்டில் இவர்கள் பத்திரிகை நடத்தினார்கள், அரசுப் பதவியில் இருந்தார்கள், அடிமைகளையும் வைத்திருந்தார்கள். 1901இல் ஒரு இனவெறிக் கட்டுரைக்குப் பதிலாக இவர்களில் சிலர் சேர்ந்து ஒரு தொகுப்பு நூலையே வெளியிட்டார்கள். வெள்ளைக் குடியேறிகள் பெருகப் பெருக இவர்களுடைய வேலைகள் பறிபோயின. 1921இல் உயர் ஆணையராக வந்த நோர்ட்டன் தெ மாத்தோஸ் காலத்தில் நிர்வாகப் பதவிகளில் நிறப் பாகுபாடு சட்டமானது. பின்னாளில் தேசியவாதம் முதலில் இந்தக் குடும்பங்களில் கொதித்ததற்கு இந்த இறக்கம் ஒரு காரணம்.

வாடகைக்கு மனிதர்கள்

அடிமை முறை 1870-களில் சட்டப்படி ஒழிந்தது. 1899 தொழிலாளர் சட்டம் ஆப்பிரிக்கருக்கு உழைப்பது ஒழுக்கக் கடமை என்றும் சட்டக் கடமை என்றும் வரையறுத்தது. உழைக்காதவனை அரசு பிடித்துத் தரலாம். ஹென்றி நெவின்சன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் அங்கோலாவிலிருந்து சாவோ தோமே கோக்கோ தோட்டங்களுக்கு ஆள் கடத்தப்படுவதை நேரில் பார்த்து 1906இல் நூலாக்கினார். அந்தக் கோக்கோவை வாங்கிக்கொண்டிருந்த கேட்பரி நிறுவனம் 1909இல்தான் வாங்குவதை நிறுத்தியது. மனச்சாட்சி விழித்துக்கொள்ள அவர்களுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

1926 முதல் நடப்பிலிருந்த 'இன்டிஜெனாட்டோ' சட்டத் தொகுதி மக்களை இரண்டாகப் பிரித்தது. ஆப்பிரிக்கர் எல்லோரும் 'சுதேசிகள்'. குடியுரிமை இல்லை, கட்டாய உழைப்புக்கு உட்பட்டவர்கள். போர்த்துகீசிய மொழி, நிலையான வருமானம், 'நாகரிகமான' வாழ்க்கை முறை ஆகியவற்றை நிரூபித்தவர் 'அசிமிலாடோ' ஆகலாம். 1950இல் சுமார் 40 லட்சம் ஆப்பிரிக்கரில் அப்படி ஆனவர்கள் ஏறத்தாழ 30,000. ஒரு விழுக்காடுகூட இல்லை. அதே 1950இல் போர்ச்சுகலிலேயே பத்தில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கிருந்து கப்பலேறி வந்த எழுத்தறியா விவசாயிக்கு நாகரிகத் தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை.

இந்த அமைப்பைக் குறித்த மிகக் கடுமையான சாட்சியம் எதிரியிடமிருந்து வரவில்லை. ஹென்றிக் கல்வாவ் சலாசாரின் ஆள். 'போர்ச்சுகல் சிறிய நாடு அல்ல' என்று ஐரோப்பா வரைபடத்தின் மேல் காலனிகளைப் பரப்பிக் காட்டிய புகழ்பெற்ற 1934 பிரசாரப் படம் அவருடைய கைவண்ணம். அதே கல்வாவ் 1947இல் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அடிமையை விலைக்கு வாங்கியவன் அவன் சாகக் கூடாதே என்று கவலைப்படுவான். அரசிடம் வாடகைக்கு ஆள் எடுப்பவனுக்கு அந்தக் கவலையும் இல்லை, செத்தால் வேறு ஆள் கேட்பான் என்பது அதன் சாரம். அறிக்கை அமுக்கப்பட்டது, கல்வாவ் பின்னர் சிறைக்குப் போனார். தப்பியவர், 1961 ஜனவரியில் சாந்தா மரியா என்ற பயணிக் கப்பலையே கடத்தினார்.

கல்வியாளர்கள் நடுவே ஒரு நீண்ட சர்ச்சை உண்டு. போர்ச்சுகல் ஏழை நாடு. அதன் காலனியம் லாபத்துக்காக அல்ல, பெருமைக்காக என்று ரிச்சர்ட் ஹாமண்ட் 1966இல் வாதிட்டார். ஜெர்வேஸ் கிளாரன்ஸ்-ஸ்மித் 1985இல் கணக்கேடுகளைக் காட்டி இதை மறுத்தார்: பருத்தியும் அந்நியச் செலாவணியும் பாதுகாக்கப்பட்ட சந்தையும் போர்ச்சுகல் முதலாளிகளுக்கு உண்மையான லாபம் தந்தன. பெர்ரி ஆண்டர்சன் 1962இல் சொன்னது வேறு: ஏழ்மையே கொடுமைக்குக் காரணம், முதலீடு செய்யக் காசில்லாதவன் கசையால் உழைப்பைப் பிழிகிறான். எனக்கு இதில் பிந்திய இருவரும் சேர்ந்தால் படம் முழுமையாவதாகத் தோன்றுகிறது. டயமாங் வைரச் சுரங்கத்திலும் பெங்குவேலா ரயிலிலும் முதல் போட்டவர்கள் பெல்ஜிய, பிரிட்டிஷ், அமெரிக்க முதலாளிகள். போர்ச்சுகல் தன் பங்காகக் கொடுத்தது ஆள் பிடித்துத் தரும் அதிகாரத்தை.

இதற்கெல்லாம் பூசப்பட்ட வண்ணத்துக்கு 'லூசோ வெப்பமண்டலியம்' என்று பெயர். போர்த்துகீசியருக்கு நிறவெறி இயல்பிலேயே இல்லை, கலந்து வாழத் தெரிந்தவர்கள் என்ற பிரேசில் சமூகவியலாளர் ஜில்பெர்ட்டோ ஃப்ரேயரின் கருத்தை சலாசார் அரசு 1950-களில் தத்தெடுத்துக்கொண்டது. ஃப்ரேயரையே அழைத்துக் காலனிகளைச் சுற்றிக் காட்டியது. 1951இல் அரசியலமைப்பைத் திருத்தி, காலனிகளுக்குக் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றியது. அங்கோலாவின் மாரியோ தெ ஆந்திராதே 1955இல் புனைபெயரில் பாரிஸ் இதழொன்றில் இதைத் தோலுரித்தார். பின்னர் ஜெரால்ட் பெண்டர் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே கட்டுக்கதையைக் கலைத்தார்: நூற்றாண்டுகளாக அங்கோலா வந்த வெள்ளையரில் பெரும்பகுதி நாடுகடத்தப்பட்ட ஆண் குற்றவாளிகள், பெண்கள் வராத இடத்தில் நடந்த கலப்பைப் பெருந்தன்மை என்பது எப்படி?

1961 முதல் 1975 வரை

1961 ஜனவரியில் பைஷா தெ கஸாஞ்சேயில் கட்டாயப் பருத்திச் சாகுபடியை எதிர்த்து விவசாயிகள் எழுந்தார்கள். விமானங்கள் குண்டு வீசின. பிப்ரவரி 4இல் லுவாண்டா சிறை தாக்கப்பட்டது. கடத்தப்பட்ட சாந்தா மரியா அங்கே வரலாம் என்று வெளிநாட்டு நிருபர்கள் வந்து காத்திருந்த நேரம். மார்ச் 15இல் வடக்கின் காபித் தோட்டங்களில் யுபிஏ இயக்கம் வெள்ளைக் குடும்பங்களைக் கொன்றது. தெற்கிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த கறுப்பினத்தவரை அதைவிட அதிகமாகக் கொன்றது. பதிலடியில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் காங்கோவுக்கு ஓடினார்கள். செப்டம்பரில் 'இன்டிஜெனாட்டோ' ரத்தானது. டிசம்பரில் இந்திய ராணுவம் 451 ஆண்டுப் பழைய கோவா ஆட்சியை இரண்டு நாளில் முடித்தது. கடைசி ஆள் வரை போரிடு என்ற சலாசாரின் கட்டளையை மீறிச் சரணடைந்த ஆளுநர் வசாலோ எ சில்வா, நாடு திரும்பியதும் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். கோவாவை விட்டுக்கொடுத்தால் அங்கோலாவும் போகும் என்பதே லிஸ்பனின் கணக்கு.

பதின்மூன்று ஆண்டுப் போர். விடுதலை இயக்கத் தலைவர்கள் பலர் உருவான இடம் லிஸ்பனின் 'பேரரசு மாணவர் இல்லம்' என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். விசுவாசிகளை வளர்க்க 1944இல் அரசே தொடங்கிய விடுதி அது. அகோஸ்டினோ நெட்டோ, கினி-பிசாவின் அமில்கார் கப்ரால், ஆந்திராதே எல்லாரும் அங்கே கூடினார்கள். மருத்துவம் படித்த நெட்டோ போர்த்துகீசியப் பெண்ணை மணந்தார், போர்த்துகீசியத்தில் கவிதை எழுதினார், போர்ச்சுகல் சிறைகளில் இருந்தார், 1962இல் அங்கிருந்து தப்பினார். அவருடைய எம்பிஎல்ஏ இயக்கத்தின் தலைமை கடலோரப் படிப்பாளிகளால் நிறைந்திருந்தது. 1966இல் ஜோனாஸ் சவிம்பி தொடங்கிய யுனிடா அதையே ஆயுதமாக்கியது: எம்பிஎல்ஏ கலப்பினத்தாரின் கட்சி, உள்நாட்டவருக்கு அந்நியம் என்று மேட்டுநிலத்தில் பரப்பியது. குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருந்தது. அதைச் சொன்ன சவிம்பியோ 1970-களின் தொடக்கத்தில் போர்த்துகீசிய ராணுவத்தோடு ரகசிய உடன்பாடு வைத்திருந்தார்.

1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் சர்வாதிகாரத்தை வீழ்த்திய கார்னேஷன் புரட்சியைச் செய்தவர்கள் ஆப்பிரிக்கப் போரில் களைத்த இடைநிலை ராணுவ அதிகாரிகள். 1975 ஜனவரியில் அல்வோர் உடன்படிக்கை எம்பிஎல்ஏ, யுனிடா, யுபிஏ வழிவந்த இயக்கம் ஆகிய மூன்றையும் ஒரே அரசில் உட்கார வைத்தது. சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. நவம்பர் 10 அன்று கடைசி உயர் ஆணையர் லியோனெல் கார்டோசோ, ஆட்சியை எந்த இயக்கத்திடமும் தராமல் 'அங்கோலா மக்களிடம்' ஒப்படைப்பதாக அறிவித்துவிட்டுக் கொடியை இறக்கிக்கொண்டு கப்பல் ஏறினார். பெற்றுக்கொள்ள அங்கே ஒருவரும் நிற்கவில்லை. நள்ளிரவில் நெட்டோ லுவாண்டாவில் குடியரசை அறிவித்தபோது, நகரத்துக்கு வெளியே பீரங்கி ஓசை. உவாம்போவில் எதிரணி வேறொரு குடியரசை அறிவித்தது. நெட்டோவின் குடியரசைப் பிரேசில் அன்றே அங்கீகரித்தது. போர்ச்சுகலுக்கு 1976 பிப்ரவரி வரை பிடித்தது.

அந்த ஆண்டில் வெள்ளையர் மூட்டை கட்டினார்கள். லுவாண்டா தெருக்களில் மரப்பெட்டிகள் ஒரு நகரம்போல எழுந்ததை போலந்து நிருபர் கபுஷ்சின்ஸ்கி எழுதியிருக்கிறார். அதே பெட்டிகள் லிஸ்பனில் கண்டுபிடிப்பாளர் நினைவுச் சின்னத்தின் காலடியில் குவிந்தன. 1981 கணக்கெடுப்பின்படி 'ரெத்தோர்னாடோ' (திரும்பியவர்) எனப்பட்ட இவர்கள் சுமார் 4.7 லட்சம், அதில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கோலாவிலிருந்து. பலர் போர்ச்சுகலை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சொந்த நாட்டில் ஏளனத்தோடு வரவேற்கப்பட்ட இவர்களின் மனக்காயத்தை டுல்சே மரியா கார்டோசோ 2011 நாவலில் எழுதும்வரை இலக்கியம்கூட அதிகம் தொடவில்லை. இவர்களோடு தொழில்நுட்பம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள் என்பதையும், அந்தத் தொழில்களை அங்கோலாக்காரர் கற்க விடாததுதான் காலனி ஆட்சி என்பதையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

பிரிந்த பிறகு

உள்நாட்டுப் போர் 2002இல் சவிம்பி கொல்லப்படும்வரை நீடித்தது. லிஸ்பனில் கம்யூனிஸ்டுகள் எம்பிஎல்ஏ பக்கம். வலதுசாரிகளும் சோஷலிஸ்டுகளில் ஒரு பகுதியினரும் சவிம்பி பக்கம். 1991இல் போர்ச்சுகல் நடுவராக இருந்து பிசெஸ்ஸி உடன்படிக்கையை முடித்துவைத்தது. மறுவருடத் தேர்தலோடு அது சிதைந்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றுக்கு நான் அதிக எடை தருவேன். 2014 கணக்கெடுப்பில் அங்கோலா மக்களில் 71 விழுக்காட்டினர் வீட்டில் போர்த்துகீசியம் பேசுவதாகச் சொன்னார்கள். காலனி ஆட்சி சாதிக்காத பரவலைச் சுதந்திரமும் போரும் சாதித்தன. கிராமங்களிலிருந்து லுவாண்டாவுக்கு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே பொதுமொழியாயிற்று. ஆப்பிரிக்க மொழிகளைக் கைவிட்டதற்கு எம்பிஎல்ஏவைக் குறைசொல்லலாம், சொல்பவர்களும் உண்டு. ஆனால் இன்று அந்த மொழி லிஸ்பனுடைய சொத்து அல்ல. போர்ச்சுகலில் பிறந்து லுவாண்டாச் சேரிகளில் வளர்ந்த லுவாண்டினோ வியேரா, கிம்பூண்டு கலந்த தெருப்பேச்சைக் கதையாக்கினார். தார்ரஃபால் சிறைமுகாமில் இருந்த அவருக்கு 1965இல் போர்த்துகீசிய எழுத்தாளர் சங்கம் பரிசு தந்தது. அரசு சங்கத்தையே மூடிவிட்டது. 2006இல் கமோயிஸ் இலக்கியப் பரிசு தேடி வந்தபோது அவர் வேண்டாமென்றார்.

எண்ணெய் விலை ஏறிய ஆண்டுகளில் காற்று திசை மாறியது. அங்கோலா அரசின் சோனாங்கோல் எண்ணெய் நிறுவனம் போர்ச்சுகலின் மில்லேனியம் பிசிபி வங்கியின் மிகப் பெரிய பங்குதாரரானது. இசபெலுக்குத் தொலைத்தொடர்பில், வங்கியில், எஃபாசெக் என்ற மின்சாதன நிறுவனத்தில் பங்குகள். வேலையிழந்த போர்த்துகீசியப் பொறியாளர்களும் கொத்தனார்களும் விசாவுக்கு அங்கோலாத் தூதரக வாசலில் நின்றார்கள். அங்கே குடியேறியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள். எதிர்த்திசையில் போர்ச்சுகலின் எஸ்பிரிட்டோ சாண்டோ வங்கியிடமிருந்து அதன் அங்கோலாத் துணை வங்கி 300 கோடி யூரோவுக்கு மேல் வாங்கியும் அது யாருக்குக் கடனாகப் போனது என்று சொல்ல முடியாத நிலை வந்தது. தாய் வங்கி 2014இல் சரிந்தது.

லிஸ்பன் அரசு வழக்கறிஞர்கள் அங்கோலா அதிகாரிகளின் பணத்தைத் துருவியபோது, வெளியுறவு அமைச்சர் ருய் மஷேட்டே 2013இல் அங்கோலா வானொலியில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். இருந்தும் டாஸ் சாண்டோஸ் அடுத்த மாதமே சிறப்புக் கூட்டுறவு இனி இல்லை என்று அறிவித்தார். பிறகு துணை அதிபராயிருந்த மானுவெல் விசென்டே மீது லஞ்ச வழக்கு. 2018 மே மாதம் லிஸ்பன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை லுவாண்டாவுக்கு மாற்றிய பிறகுதான் உறவு சீரானது. நீதிமன்றம் சுதந்திரமாக முடிவெடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு வந்ததும் இரு அரசுகளும் விட்ட பெருமூச்சு வெளியே கேட்டது.

அப்போது போர்ச்சுகலின் நீதி அமைச்சர் லுவாண்டாவில் பிறந்த ஃப்ரான்சிஸ்கா வான் டூனெம். பிரதமர் அந்தோனியோ கோஸ்டா கோவா வழி வந்தவர். ஃப்ரான்சிஸ்காவின் அண்ணன் ஜோசே எம்பிஎல்ஏ வீரர். ஜோசேயின் மனைவி சிட்டா வாலஸ், கோவா வம்சாவளிக் குடும்பத்தில் கபிண்டாவில் பிறந்து, லிஸ்பனில் கம்யூனிஸ்ட் மாணவத் தலைவராக இருந்துவிட்டு அங்கோலா திரும்பியவர். 1977 மே 27 கலகத்தை ஒடுக்குகிறேன் என்று நெட்டோ அரசு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது கணவன் மனைவி இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு அதிபர் ஜொவாவ் லோரென்சோ 2021இல் மன்னிப்புக் கேட்டார். இந்த உறவு எத்தனை சிறிய வட்டத்துக்குள் சுழல்கிறது என்பதற்கு இந்த ஒரு குடும்பம் போதும்.

லோரென்சோ பதவிக்கு வந்த பின் இசபெலின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2020 ஜனவரியில் பன்னாட்டுப் பத்திரிகையாளர்கள் ஆவணங்களை வெளியிட்டார்கள். ஜூலையில் போர்ச்சுகல் எஃபாசெக்கில் அவருடைய பங்கை அரசுடைமையாக்கியது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். அந்தப் பணத்தை ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்காமல் வாங்கிப்போட்ட லிஸ்பன் வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள், ஆலோசகர்கள் பெயர் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இழப்பீட்டுப் பேச்சும் இப்போது எழுந்திருக்கிறது. 2022இல் கோஸ்டா, மொசாம்பிக்கில் 1972இல் நடந்த விரியாமு படுகொலைக்கு மன்னிப்புக் கேட்டார். 2024 ஏப்ரலில் அதிபர் மார்செலோ ரெபெலோ தெ சூசா, அடிமை வணிகத்துக்கும் காலனியக் குற்றங்களுக்கும் போர்ச்சுகல் பொறுப்பேற்று விலை தர வேண்டும் என்றார். அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று அரசு கைகழுவியது. தீவிர வலதுசாரி ஷேகா கட்சி அதிபரைத் துரோகி என்றது. லிஸ்பனில் அடிமைகளுக்கு நினைவுச் சின்னம் அமைக்க 2017இல் மக்கள் வாக்களித்தார்கள். அங்கோலாக் கலைஞர் கிலுவாஞ்சி கியா ஹெண்டாவின் கரும்புத் தோட்ட வடிவமைப்பு தேர்வானது. கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. லுவாண்டாவோ தன் அடிமை வரலாற்று அருங்காட்சியகத்தை 1977இலேயே, ஒரு அடிமை வணிகனின் பண்ணை வீட்டில் திறந்துவிட்டது. ஆனால் இழப்பீடு வந்தால் அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை லுவாண்டா அரசு கேட்க விரும்பாது.

1902இல் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம்ஸுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் தரப்பட்ட பெங்குவேலா ரயில் பாதை போரில் சிதைந்து, சீனர்களால் மீண்டும் போடப்பட்டது. 2022இல் அதை 30 ஆண்டுக்கு எடுத்த கூட்டமைப்பில் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிராஃபிகுராவுக்கு நிகரான பங்கு போர்ச்சுகலின் மோட்டா-எங்கில் நிறுவனத்துக்கு. 1946இல் தொடங்கிய ஆண்டே அங்கோலாவில் கால் பதித்து, காலனி, மார்க்சிய அரசு, எண்ணெய்க் காலம் எல்லாவற்றையும் தாண்டி நின்ற கட்டுமான நிறுவனம் அது. அமெரிக்கா இந்தத் தடத்துக்குக் கடன் தருகிறது. அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் 2024 டிசம்பரில் நேரில் வந்துபோனார். முக்கியச் சரக்கு காங்கோவின் தாமிரமும் கோபால்ட்டும். வழியில் உவாம்போ. இந்த ரயிலை நம்பி நோர்ட்டன் தெ மாத்தோஸ் 1912இல் நிறுவிய நகரம், 1928 முதல் நோவா லிஸ்போவா என்ற பெயரில் காலனியின் வருங்காலத் தலைநகரம் என்று பேசப்பட்டது. அதைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் காபித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை அள்ளிக்கொடுத்தது. இம்முறை அங்குள்ள விவசாயியின் சோளமும் இந்த வண்டியில் ஏறும் என்கிறார்கள். எந்தக் கட்டணத்தில், எந்த நிலையத்தில், வாரத்துக்கு எத்தனை பெட்டி என்று கேட்டுப் பார்க்கலாம்.